உலோக மூட்டும் காந்தக் கண்ணும்



பதுளை நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியிலே அமைந்திருக்கின்றது. அக்கிண்ணத்தின் விளிம்பிலே நிற்கும் நமுனுகுலையின் உச்சி 2,036 மீற்றர். இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட சரிவுகளிலும், அவற்றுக்கு அப்பால் பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை என்று பரந்து செல்லும் மலைகளிலும் ஊவாவின் தேயிலைத் தோட்டங்கள் கிடக்கின்றன. இங்கே நடப்பது என்றால் ஒன்று ஏறுவது, அல்லது இறங்குவது. சமநிலத்தில் நடப்பது என்பது பிரட்டுக் களத்திலும் பாடசாலை மைதானத்திலும் மட்டுமே கிடைக்கும் பாக்கியம். கொழுந்துக் கூடையின் பாரத்தை நெற்றியிலே தாங்கி, மழையில் வழுக்கும் கற்படிகளில் நாற்பது ஆண்டு ஏறி இறங்கிய ஒரு தாயின் உடலிலே, அந்தப் பாரம் முழுவதையும் கடைசியில் ஏற்றுக்கொண்ட உறுப்பு எது என்று கேட்டால், இடுப்பு மூட்டு என்றே விடை கூற வேண்டும்.

அம்மூட்டைப் பற்றியும், அது பழுதுற்றபோது மனிதன் அதற்கு மாற்றாக வைத்த பொருள்களைப் பற்றியும், அவற்றுள் உலோகம் செய்த ஒரு கேட்டைக் காந்தக் கருவி கண்டுபிடித்த வரலாற்றைப் பற்றியும் இன்று சில சொற்கள் கூற விழைகின்றேன். யான் வைத்தியன் அல்லன். வரலாறு கற்பித்துவந்த ஓர் ஆசிரியன். ஆகவே இதனை வைத்திய ஆலோசனையாகக் கொள்ளாது, வரலாறாகவே கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

தோட்டங்களில் வைத்தியத்தின் கதை நெடியது. 1872 ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனச் சட்டம் ஒன்று இந்நாட்டில் இயற்றப்பட்டது. ஆயினும் அக்காலத்து அச்சம் எல்லாம் காய்ச்சலையும் கழிச்சலையும் கொழுக்கிப் புழுவையும் பற்றியதே. எலும்பு முறிவு அந்தக் கணக்கிலே பெரிதாக இடம்பெறவில்லை. 1924 இல் புகையிரதம் பதுளையை வந்தடைந்த பின்னரும், இடுப்பு ஒடிந்த முதியவளை லயன் காம்பராவில் கம்பளி விரித்துப் படுக்க வைப்பதைத் தவிர உறவினருக்கு வேறு வழி தோன்றியதில்லை. படுக்கையிலே கிடந்தவளுக்குப் புண் வரும், சளி கட்டும், சில மாதங்களில் கதை முடிந்துவிடும். "விழுந்தாள், போய்விட்டாள்" என்று ஒரே மூச்சிலே சொல்லிவிடுவார்கள். விழுந்ததற்கும் போனதற்கும் இடையில் இருந்த வேதனையை யார் எழுதி வைத்தார்கள்?

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் அதனுள் சுழலும் ஒரு பந்தும் ஆகும். தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பின் குழி கிண்ணம். இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பான கசியிழையமும் சிறிது நீரும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. உராயும் இரு பரப்புகளுக்கிடையே எண்ணெய் வற்றினால் என்ன நேரும் என்பதை அவர்கள் காதாலேயே அறிவார்கள்.

பழுதுற்ற பந்துக்குப் பதிலாக வேறொன்றை வைக்கலாம் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. 1891 அளவில் பேர்லினில் தெமிஸ்டொக்கிளிஸ் குளுக் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் யானைத் தந்தத்தால் மூட்டு செய்து பார்த்தார். 1923 இல் அமெரிக்காவின் பொஸ்தன் நகரில் ஸ்மித்-பீற்றர்சன் கண்ணாடியால் ஒரு கவசம் செய்தார், அது உடைந்தது. பின்னர் 1938 இல் அவரே கோபாற்று, குரோமியம் முதலியவை கலந்த உலோகக் கவசத்தைப் பொருத்தினார். 1946 இல் பாரிசு நகரத்து ஜூடே சகோதரர்கள் அக்கிரிலிக் பந்து வைத்தனர். அதுவும் தேய்ந்து தளர்ந்தது. தந்தம், கண்ணாடி, பிளாஸ்டிக்கு, உருக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்து எறிந்த இம்முயற்சியைப் பார்க்கும்போது, பொம்மைக்குக் கை ஒட்டப் பசை தேடும் குழந்தையின் நினைவே எனக்கு வருகின்றது. ஆயினும் இவர்கள் சோதித்தது பொம்மையிலே அன்று; உயிருள்ள மனிதரிலே.

இவ்விடத்தில் நம் அயல்நாடாகிய பர்மாவைக் குறிப்பிடாது செல்ல மனம் வரவில்லை. மண்டலை பொது வைத்தியசாலையில் பணியாற்றிய சான் போ என்ற வைத்தியர், 1960 இல் எண்பத்து மூன்று வயதான ஒரு பௌத்த துறவிப் பெண்மணிக்கு முறிந்த தொடை எலும்பின் தலைக்குப் பதிலாகத் தந்தத்தாலான தலையைப் பொருத்தினார். அந்நாட்டிலே மரம் இழுக்கும் யானைகள் மிகுதி. உலோகமோ விலை உயர்ந்தது. முந்நூறுக்கு மேற்பட்டோருக்கு இவ்வாறு செய்தார். 1969 இல் இலண்டனிலே பிரித்தானிய எலும்பியல் அறிஞர் சபையில் தம் அனுபவத்தைக் கூறினார். அவருடைய நோயாளரிற் பெரும்பாலோர் மீண்டும் நடந்தனர், குந்தினர், மிதிவண்டியும் ஓட்டினர். குந்துதல் என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்க. பின்னால் அச்சொல் ஒரு பெரிய வியாபாரத்துக்கு உதவப் போகின்றது.

இங்கிலாந்திலே இருவர் இரு வழியாகச் சென்றனர். நொரிச் நகரத்து மக்கீ என்பவர் உலோகக் கிண்ணத்துள் உலோகப் பந்தை வைத்தார். ரைற்றிங்ரன் என்ற இடத்தில் பணிபுரிந்த ஜோன் சான்லி என்பவர் உலோகப் பந்துக்கு மெத்தென்ற கிண்ணம் வேண்டும் எனக் கருதினார். சான்லி முதலில் டெப்லான் என்னும் வழுக்கும் பொருளைத் தேர்ந்தார். இருநூறு, முந்நூறு பேருக்குப் பொருத்திய பின்னர், அது சில ஆண்டுகளிலே தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியுள்ள தசையைக் கெடுப்பதைக் கண்டார். அதன் துகளைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு, உடல் அதனை எவ்வாறு எதிர்க்கின்றது என்று சோதித்தார் அம்மனிதர். 1962 இல் ஒரு விற்பனையாளர் கொண்டுவந்த அடர்ந்த பொலித்தீன் துண்டைப் பயனற்றது என்று அவர் ஒதுக்கிவிட, அவருடைய தொழினுட்ப உதவியாளர் ஹரி கிறேவன் அதைத் தம் இயந்திரத்தில் இட்டுத் தேய்த்துப் பார்த்தார். அது தேயவே மறுத்தது. அவ்வாண்டு நவம்பரில் முதல் பொலித்தீன் கிண்ணம் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று உலகெங்கும் செய்யப்படும் இடுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு அதுவே மூலம். உதவியாளர் ஒருவரின் பிடிவாதத்தால் வந்த நன்மை அது!

மக்கீயின் உலோகச் சோடிகள் 1970களிலே பின்தள்ளப்பட்டன. பல தளர்ந்து போயின. ஆனாற் சில இருபது ஆண்டுகளுக்கு மேலும் பழுதின்றி இருந்தன. இந்தச் சிலவே பின்வந்தோரை மயக்கின. பொலித்தீனும் காலப்போக்கில் தேய்ந்து எலும்பை அரிக்கின்றது எனக் கண்டபோது, உலோகமே மேல் என்ற குரல் மீண்டும் எழுந்தது. 1991 இல் பேர்மிங்காமில் டெரக் மக்மின் என்பவர், தொடை எலும்பின் தலையை வெட்டி எறியாது அதன்மேல் உலோகத் தொப்பி இட்டு, உலோகக் கிண்ணத்துள் சுழலவிடும் முறையைத் தொடங்கினார். 1997 இல் அது செப்பமுற்றது. இளையோருக்கும் உழைப்போருக்கும் ஏற்றது, பெரிய பந்து ஆதலின் எளிதில் விலகாது, சம்மணமிட்டு உட்காரலாம், குந்தலாம் என்றெல்லாம் கூறப்பட்டது. கீழைத்தேயத்தவரின் உள்ளத்தைத் தொட இதைவிட வேறு சொல் வேண்டுமா? இம்முறையை நாடிச் சென்னைக்குப் பலர் சென்றனர். நம் மலைநாட்டவருக்குத் தமிழகத்திலே உற்றார் உறவினர் மிகுதி. 1964 ஆம் ஆண்டின் உடன்படிக்கையின் பின்னர் நீலகிரியிலும் பிறவிடங்களிலும் குடியேறியோர் நம் குடும்பங்களின் மறுபாதியன்றோ! ஆகவே சென்னை வைத்தியசாலைகளின் செய்தி பசறைக்கும் பண்டாரவளைக்கும் அயல்வீட்டுச் செய்தியே.

இங்கே கேடு தொடங்குகின்றது. உலோகத்தோடு உலோகம் உராயும்போது கண்ணுக்குப் புலனாகாத கோபாற்று, குரோமியத் துகள்கள் உதிர்கின்றன. உடலின் காவற்கலங்கள் அவற்றைப் பகையெனக் கொண்டு போர் தொடுக்கின்றன. அப்போரிலே அழிவது மூட்டைச் சூழ்ந்த மென்மையான தசையும் தசைநாணும். அவ்விடத்தே நீர் கட்டுகின்றது. சில வேளை கட்டி போன்ற ஒரு திரட்சி உருவாகின்றது. புற்றுநோய்க் கட்டியன்று, ஆதலால் வைத்தியர் அதைப் போலிக்கட்டி என்பர். 2008 இல் ஒக்ஸ்போர்ட் வைத்தியர்கள் பதினேழு நோயாளரின் இருபது இடுப்புகளில் இதனைக் கண்டு வெளியிட்டனர். பதினேழு பேரும் பெண்கள். சிறிய உருவத்தாருக்குச் சிறிய பந்து. சிறிய பந்துக்குத் தேய்வு மிகுதி. நம் தோட்டத்துப் பெண்களின் உடற்கட்டை அறிந்தவர்கள் இதைக் கேட்டுச் சற்றே நிமிர்ந்து உட்காருவார்கள்.

எல்லா உலோக மூட்டும் ஒரே தன்மையின அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மக்மினின் மூட்டு, தேர்ந்த கையிலே, தக்க ஆண் நோயாளரில் நெடுங்காலம் நின்றது. டிபியூ என்ற நிறுவனம் 2003 முதல் விற்ற ஏ.எஸ்.ஆர். என்னும் மூட்டின் கிண்ணமோ ஆழம் குறைந்தது. கிண்ணம் சற்றே சரிந்து பொருந்தினும் பந்து அதன் விளிம்பிலே உராய்ந்து, துகளை அள்ளிச் சொரிந்தது. 2010 ஆகஸ்டில் அந்நிறுவனம் உலகெங்கும் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஏறக்குறைய 93,000 பேரின் உடலில் அது ஏறிவிட்டது. ஐந்தாண்டுக்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு மறுபடி அறுவை வேண்டியதாயிற்று. விற்ற சரக்கைத் திரும்பப் பெறுவது எளிது. உடலுக்குள் இருப்பதை எவ்வாறு திரும்பப் பெறுவது?

இனி, இக்கேட்டைக் கண்டறிந்த கதைக்கு வருவோம். வலியோடு வரும் நோயாளியை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தால், எலும்பு வெள்ளையாகத் தெரியும். உலோகம் அதனினும் வெள்ளையாக ஒளிரும். மூட்டு நேராக இருக்கின்றது, எலும்பிலே தளர்வில்லை என்று கூறி அனுப்பிவிடுவார்கள். தசை அழிவது அப்படத்தில் தெரியாது. 1895 இல் ரொஞ்சன் கண்ட அக்கதிர் வன்பொருளைக் காட்டும். மென்பொருளைக் காட்டுவதிலே ஏழை. எனவே வலி உண்மை. படமோ "நலம்" என்றது. நோயாளியின் சொல்லுக்கும் படத்துக்கும் பிணக்கு எழுந்தால் தோற்பது எப்பொழுதும் நோயாளியே. அதிலும் அவள் எழுத்தறியாத முதியவளானால்?

எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் பரிவுப் படத்தின் இயல்பு வேறு. இதனை வானொலி நேயர்களுக்கு விளக்குவது எளிது. ஏனெனில் அது ஒரு வகையில் வானொலியே. நம் உடலில் நீரும் கொழுப்பும் நிறைந்துள்ளன. அவற்றிலே ஐதரசன் உண்டு. பூமியின் காந்தத்தைப் போல் ஏறக்குறைய முப்பதினாயிரம் மடங்கு வலிமையுள்ள காந்தத்தினுள் உடலை வைத்தால், அந்த ஐதரசன் கருக்கள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணிலே சுழல்கின்றன. வழக்கிலுள்ள 1.5 தெசுலா காந்தத்தில் அவ்வதிர்வெண் ஏறக்குறைய 64 மெகாஹேர்ட்சு. நீங்கள் பண்பலை வரிசையில் எம்மைக் கேட்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே! அந்த அலையைச் செலுத்தி நிறுத்தினால், கருக்கள் எதிரொலி தருகின்றன. உடலின் ஒவ்வோர் இடத்திலும் காந்த வலிமை சிறிது சிறிதாக மாறுமாறு அமைத்திருப்பதால், எந்த அதிர்வெண்ணில் எதிரொலி வந்ததோ அதனைக் கொண்டு அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று கணிக்கின்றனர். இவ்வழி காட்டிய லாட்டர்பரும் மான்ஸ்பீல்டும் 2003 இல் நோபல் பரிசு பெற்றனர்.

உலோக மூட்டு இக்காந்தத்துள் சென்றால் பிய்த்துக்கொண்டு பறக்குமோ என்று அஞ்சுவோர் உளர். கோபாற்று-குரோமிய மூட்டு அவ்வாறு இழுபடுவதில்லை. ஆனால் தன்னைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தை அது கோணலாக்குகின்றது. புலம் கோணினால் அதிர்வெண் மாறுகின்றது. அதிர்வெண் மாறினால் ஒரு நிலையத்தின் ஒலி மற்றொரு நிலையத்தின் இடத்தில் கேட்பதுபோல, ஓரிடத்துத் தசை வேறோர் இடத்திலே வரையப்படுகின்றது. மூட்டைச் சுற்றிப் பெரிய கருந்துளையும் அதன் ஓரத்தில் மின்னல் போன்ற வெண்கோடுகளும் தோன்றும். பார்க்க வேண்டிய இடம் எதுவோ அதுவே மறைந்துவிடும். இதனால், உலோகம் உள்ளவருக்கு இப்படம் எடுத்துப் பயனில்லை என்று நெடுங்காலம் கருதினர்.

அக்கருத்தை மாற்றியது புதிய இயந்திரம் அன்று. பழைய இயந்திரத்தைப் பயன்படுத்திய விதம். ஏற்கும் அலைவரிசையை அகலமாக்கினர். அப்போது அதே அதிர்வெண் பிழை, படத்திலே சிறிய இடப்பெயர்ச்சியாகச் சுருங்கியது. கொழுப்பை மறைக்க அதிர்வெண் வேறுபாட்டை நம்பும் முறையைக் கைவிட்டு, கால வேறுபாட்டை நம்பும் முறையைக் கொண்டனர். 3 தெசுலா காந்தம் புதிது, வலிது. ஆயினும் கோணலும் அதிலே மிகுதி என்பதால் 1.5 தெசுலாவே இதற்கு ஏற்றது எனத் தெளிந்தனர். விலையுயர்ந்தது எப்பொழுதும் நல்லது என்று எண்ணுவோருக்கு இது சற்றுக் கசப்பாக இருக்கலாம். 2009 அளவில் கோணலைக் கணித்துத் திருத்தும் மேலும் நுண்ணிய முறைகளும் வந்தன.

வியப்பு என்னவெனில், இவ்வழியில் முன்சென்ற இடங்களுள் நொரிச்சும் ஒன்று. மக்கீ உலோகத்துள் உலோகம் வைத்த அதே நகரத்தின் கதிரியல் வைத்தியர்கள், 2008 இல், வலியுற்ற இருபது உலோக இடுப்புகளின் காந்தப் படங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். மூட்டைச் சூழ்ந்த நீர்த்தேக்கம், மெலிந்த பிட்டத் தசைகள், எலும்பிலிருந்து கழன்ற தசைநாண்கள் எல்லாம் அவற்றிலே தெரிந்தன. எக்ஸ் கதிர்ப் படம் குற்றமற்றது எனக் காட்டிய மூட்டைச் சுற்றிலும் தசை அழிந்திருக்கக் கூடும் என்பது இத்தகைய படங்களால் வெளிப்பட்டது.

2010 ஏப்ரலில் பிரித்தானிய மருத்துவச் சாதன அதிகார சபை எச்சரிக்கை விடுத்தது. குருதியில் கோபாற்று அல்லது குரோமியம் நூறு கோடிப் பங்கில் ஏழு பங்குக்கு மேல் இருந்தால் மேலும் ஆராய வேண்டும் என்றது. காந்தப் படமோ ஒலியலைப் படமோ எடுக்குமாறு கூறியது. 2012 இல் சில வகை மூட்டுள்ளோரை ஆண்டுதோறும், மூட்டு இருக்கும் வரை கண்காணிக்குமாறு விரித்துரைத்தது. குருதிச் சோதனை மட்டும் போதாது. குருதியிலே உலோகம் குறைந்திருந்தும் தசை அழிந்தோர் உளர். வலியே இல்லாதவரிடமும் போலிக்கட்டி காணப்பட்டதுண்டு. அதே வேளை, மெல்லிய சுவருள்ள சிறிய நீர்த்தேக்கம் ஒன்றைக் கண்டவுடன் கத்தியை எடுப்பதும் அறிவுடைமை ஆகாது. தேக்கம் வளர்கின்றதா, சுவர் தடித்ததா, தசை மெலிகின்றதா என்று ஒரு படத்தோடு மறுபடத்தை ஒப்பிட்டே முடிவு செய்கின்றனர். காலத்தே கண்டால் தசை மிஞ்சும். புதிய மூட்டு நிலைக்கும். பிந்திக் கண்டால், மூட்டை மாற்றினாலும் அதனைத் தாங்கத் தசை இராது, மாற்றிய மூட்டு விலகும், நொண்டல் நிலைக்கும். நம் மலைச்சரிவிலே நொண்டல் என்றால் வாசற்படியோடு வாழ்வு முடிந்தது என்று பொருள்.

இந்தியாவிலே நடந்ததைக் கூறாவிடில் இவ்வரலாறு நிறைவுறாது. 2006 இல் ஏ.எஸ்.ஆர். மூட்டுக்கு அங்கே இறக்குமதி அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டது. 2010 இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்ட பின்னரும், 2017 இலேதான் மத்திய அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 2018 இல் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பரில் முப்பது இலட்சம் ரூபாய் முதல் ஒரு கோடியே இருபத்து மூன்று இலட்சம் வரை இழப்பீடு வழங்கும் முறை வகுக்கப்பட்டது. ஆனால் யாருக்கு வழங்குவது? ஏறக்குறைய 3,600 பேர் எங்கே இருக்கின்றனர் என்பதே தெரியவில்லை. அவர்களுடைய இடுப்பிலே மூட்டு இருந்தது. இடாப்பிலே பெயர் இல்லை. அவர்களைப் படம் எடுக்கக் காந்தம் இருந்தது. அழைக்க முகவரி இல்லை.

இதனோடு சுவீடனையும் அவுஸ்திரேலியாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுவீடன் 1979 முதல் இடுப்பு மாற்றுச் சிகிச்சைகளைப் பதிவு செய்து வருகின்றது. அவுஸ்திரேலியா 1999 இல் பதிவேடு தொடங்கியது. ஏ.எஸ்.ஆர். மூட்டு ஏனையவற்றைவிட விரைவாகப் பழுதுறுகின்றது என்று முந்தி உரைத்தது அவுஸ்திரேலியாவின் அந்தப் பதிவேடே. 2009 இறுதியிலேயே அங்கே அம்மூட்டு சந்தையினின்று நீக்கப்பட்டது. ஒரு குமாஸ்தா எழுதிய வரிகள் ஒரு பெரிய நிறுவனத்தைப் பணிய வைத்தன என்றால் மிகையாகாது.

இடாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் என் தொழிற்புத்தி விழித்துக்கொள்கின்றது. தோட்டப்புறப் பாடசாலைகளில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது நாம் காணும் காட்சி ஒன்றுண்டு. தாயின் பெயர் பிறப்புச் சான்றிதழிலே மாரியாயி. தோட்டத்துச் செக்ரோலிலே மாரி. தேசிய அடையாள அட்டையிலே மாரியம்மா. மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அக்குடும்பம் கிராம சேவகரிடமும் கச்சேரியிலும் காலம் கழிக்கின்றது. ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவதிலும் இதே தொல்லை. மூன்று பெயருள்ள ஒருத்தி ஒரு நகரத்து வைத்தியசாலையிலே ஒரு பெயரால் சத்திர சிகிச்சை பெற்று, வேறொரு பெயரால் பதுளை வைத்தியசாலைக்கு வருவாளாயின், அவள் உடலில் இருப்பது எந்த மூட்டு என்று எந்த வைத்தியர் கண்டுகொள்வார்? கதிரியல் பிரிவினர் முதலிற் கேட்பதும் அதுவே: உள்ளே இருப்பது எந்த உலோகம், எந்த ஆண்டு, எந்த அளவு?

இன்று உலோகத்துள் உலோகம் வைக்கும் மூட்டு அருகிவிட்டது. தேர்ந்த சில ஆண் நோயாளருக்கு மட்டுமே தொப்பி முறை சில இடங்களிற் செய்யப்படுகின்றது. ஏனையோருக்கு உறுதிகூட்டிய பொலித்தீன் கிண்ணமும் உலோக அல்லது பீங்கான் பந்துமே பெரும்பாலும் வைக்கின்றனர். ஆகவே புதிதாகச் சிகிச்சை பெறுவோர் இவ்வுரையைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. முன்னர் எங்கேனும் உலோகத்துள் உலோகம் வைக்கும் மூட்டால் இடுப்பு மாற்றிக்கொண்டவர்களையே இவ்வரலாறு தொடுகின்றது. அவர்களுள் மூத்தோர் பலர் இப்பொழுது எழுபதையும் எண்பதையும் கடந்திருப்பார்கள். வலி இருந்தால், முதுமையின் வலி என்று தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு மூலையிலே அமர்ந்திருப்பார்கள்.

மூட்டுப் பெட்டியோடு சில சிறிய ஒட்டுத்தாள்கள் வருகின்றன. மூட்டின் பெயர், அதன் இலக்கம், பந்தின் விட்டம் யாவும் அவற்றிலே அச்சிடப்பட்டிருக்கும். சத்திர சிகிச்சைக் குறிப்பிலே ஒன்றை ஒட்டுவார்கள். நோயாளியின் கையில் தரும் அட்டையிலோ விடுகைத் துண்டிலோ மற்றொன்று இருக்கும். நம் லயன் காம்பராக்களிலே சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி உண்டு. அடையாள அட்டையும் சேமலாப நிதிக் கடிதமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் அதற்குள்ளே இருக்கும். பாட்டியின் இடுப்புச் சிகிச்சைத் துண்டும் அங்கே இருக்கின்றதா என்று, இவ்வுரையைக் கேட்கும் பேரப்பிள்ளைகள் இன்றிரவே ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.